ஜன்னலோரத்து அம்மச்சி

ஆர்ஷாவுக்குப் பரோட்டா என்றால் உயிர். ஆனால் நர்ஸிங் கல்லூரியில் சேர்ந்த இந்த இரண்டு வருடத்தில் அவள் கேன்டீனில் ஒரு நாள்கூடப் பரோட்டா வாங்கித் தின்றதில்லை. சப்பாத்திதான். கவுண்டரில் நிற்கும் சேட்டன் அவள் தலையைக் கண்டதுமே இரண்டு சப்பாத்தியைத் தட்டில் போட்டுவிடுவார். இவ்வளவு கட்டுப்பாடான பிள்ளையைத் தான் பார்த்ததே இல்லை என்று மற்றப் பிள்ளைகளிடம் புகழ்ந்துகொண்டும் இருந்தார். கட்டுப்பாடும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுக்கு 'ப' வராது, அவ்வளவுதான்.

வராது என்றால் அறவே வராது என்றில்லை. உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும், பத்து விநாடியோ அரை நிமிடமோ கழித்துச் சொல் உடைந்து வெளியே விழும். எதிரே நிற்பவர் அதற்குள் பரிதாபப்பட்டு முடித்திருப்பார். 'க'வும் 'த'வும் சில நாள் மக்கர் பண்ணும். 'ப' மட்டும் வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும்.

இதில் இன்னொரு கொடுமை, அவள் ஊர் பாறசாலை. சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போகத் திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஏறினால் கண்டக்டர் எங்கே என்று கேட்பார். களியக்காவிளை என்பாள். களியக்காவிளை இன்னும் தள்ளி இருக்கிறது. தள்ளி இருந்தால் என்ன, வாயில் வருகிறதே. தூரத்து ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தன் ஊரில் இறங்கிக்கொள்வாள். இரண்டு வருடமாக இப்படியே போய் வந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் இந்தப் பாடு கிடையாது. அங்கே வேறு பாடு. அப்பா தங்கையன் வாழைக்குலை மொத்த வியாபாரி, குரலும் அதற்கேற்ற குரல். மகள்மேல் அவருக்குப் பாசம் அதிகம். அந்தப் பாசத்தில் அவள் வாயைத் திறந்ததுமே மீதியை அவர் சொல்லி முடித்துவிடுவார். வேண்டாம் என்று சொல்ல வந்தவள் 'வே'யில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, "வேணுமாம், வேணுமாம், பிள்ளைக்கு இன்னும் சோறு வையி" என்று அவர் முடித்துவைத்த நாட்கள் எத்தனையோ. அவளும் பேசாமல் தின்றுவிடுவாள். சோற்றைத் தின்பது சொல்லைச் சொல்வதைவிடச் சுலபம்.

அவள் நர்ஸிங் படிக்க வந்ததே பேச வேண்டாம் என்றுதான். டீச்சர் வேலைக்கு வாய் வேண்டும், பேங்க் வேலைக்கு வாய் வேண்டும், நர்ஸுக்குக் கை போதும் என்று அவள் கணக்கு. வார்டுக்குப் போன முதல் வாரத்திலேயே கணக்குத் தப்பு என்று தெரிந்துவிட்டது. நர்ஸ் நாள் முழுக்கப் பேசுகிறாள். நோயாளியிடம், டாக்டரிடம், லேபில், மருந்துக் கடையில், அடுத்த ஷிஃப்டில் வருகிறவளிடம். கையைவிட வாய்க்குத்தான் அங்கே வேலை அதிகம். ஃபீஸ் கட்டியாகிவிட்டது, திரும்பிப் போக முடியாது.

ஆகவே அவள் ஒரு வழி செய்துகொண்டாள். அவளிடம் மூன்று மொழி இருந்தது. வீட்டுக்குத் தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், பாடப் புத்தகத்துக்கு இங்கிலீஷ். ஒன்றில் பூட்டிக்கொண்டால் இன்னொன்றில் திறப்பாள். மலையாளத்தில் காய்ச்சலுக்குப் 'பனி' என்பார்கள். அந்தச் சொல் வரப்போகிறது என்று நாலு சொல் முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், சட்டென்று 'ஃபீவர்' என்று மாற்றிக்கொள்வாள். பாட்டில் அவளிடம் குப்பி. படிக்கட்டு ஸ்டெப். மூன்றிலும் கிடைக்காவிட்டால் மறந்துபோன மாதிரி விரலைச் சொடுக்குவாள், எதிரே இருப்பவர் எடுத்துக்கொடுப்பார். பேச்சுக்கு நடுவே அவள் நிற்பதைப் பார்த்து யோசித்துப் பேசுகிற பிள்ளை என்று ஒரு டீச்சர் பாராட்டியதும் உண்டு. தனக்குத் திக்குவாய் என்பது கல்லூரியில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்கு அவள் பட்ட பாட்டில் பாதியைப் படிப்பில் பட்டிருந்தால் முதல் ராங்க் வாங்கியிருக்கலாம்.

விஷயம் இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் ஜூன் மாதத்தில் அவர்கள் வகுப்புக்குப் பெண்கள் வார்டில் போஸ்டிங் வந்தது.

நீளமான ஹால், பதினெட்டுக் கட்டில், இரண்டே ஜன்னல். ஒன்று நாலாம் கட்டிலை ஒட்டி, இன்னொன்று எதிர்ச் சுவரில் பதிமூன்றாம் கட்டிலை ஒட்டி. நாலில் இருந்தவர் ரத்னாபாய், சர்க்கரை வியாதிக்காரர், ஆர்ஷாவின் ஊர்ப்பக்கத்துத் தமிழ்க்காரர். பதிமூன்றில் பங்கஜாக்ஷி, வயிற்று வலி என்று வந்தவர். இரண்டு பேருக்கும் எழுபது வயது இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஸ்ரீப்ரியாவின் பொறுப்பு, பத்திலிருந்து பதினெட்டு வரை ஆர்ஷாவின் பொறுப்பு.

ஸ்ரீப்ரியா வலியசாலை அக்ரஹாரத்துப் பெண். வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான் என்பதால் முதல் நாளே ஒட்டிக்கொண்டார்கள். அவள் தமிழ் ஒரு தினுசு, இவள் தமிழ் வேறு தினுசு. அதைச் சொல்லி ஒருவரை ஒருவர் கேலி பண்ணிக்கொள்வார்கள். ஸ்ரீப்ரியா நிறையப் பேசுவாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவதில் ஆர்ஷாவுக்கு ரொம்ப நிம்மதி.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், பங்கஜாக்ஷிக்கு இன்றைக்கே எண்டோஸ்கோப்பி செய்துவிடலாம், நாலு மணிக்கு இடம் இருக்கிறது, மத்தியானம் ஒன்றும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சார்ட்டில் எழுதியாயிற்று. அன்றைக்குச் சாப்பாட்டு வண்டியோடு போகிற முறை ஸ்ரீப்ரியாவுக்கு. அவளிடம் சொல்லிவிடு என்று ஆர்ஷாவை அனுப்பினார்கள்.

வார்டில் ஒரு சட்டம் உண்டு. எந்தச் செய்தியானாலும் கட்டில் நம்பரையும் முழுப் பெயரையும் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் வருடம் முழுக்க மண்டையில் ஏற்றியிருந்தார்கள். ஆர்ஷா காரிடாரில் ஸ்ரீப்ரியாவைப் பிடித்தாள். கட்டில் நம்பர் பதிமூன்று. 'ப'. பெயர் பங்கஜாக்ஷி. அதுவும் 'ப'. மூன்று மொழியைத் துழாவியும் ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கிலீஷில் தர்ட்டீன் என்று சொல்லலாம் என்றால் அன்றைக்குப் பார்த்து 'த'வும் சரியில்லை. பக்கத்தில் அவர்கள் வகுப்பு ஆதிராவும் இன்னும் மூன்று பேரும் நின்றார்கள்.

"ஜன்னலோரத்து அம்மச்சிக்கு இண்ணு சோறு வேண்டாம், கேட்டியா? நாலு மணிக்கு டெஸ்ட் உண்டு" என்றாள்.

கடகடவென்று வந்தது, ஒரு தடங்கல் இல்லை. அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. ஸ்ரீப்ரியா சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை பார்த்துக்கொள்கிறவளுக்கு ஜன்னல் என்றால் நாலாம் கட்டிலின் ஜன்னல்தானே.

பன்னிரண்டரைக்கு வண்டி வந்தது. பங்கஜாக்ஷி அம்மா மீன் குழம்பு விட்டுத் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினார். எதிர்ப்பக்கம் ரத்னாபாயின் தட்டை ஸ்ரீப்ரியா திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். காலையில் இன்சுலின் போட்டிருந்த உடம்பு. அந்த அம்மா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற தலைமுறை.

இரண்டரை மணிக்கு ரத்னாபாயின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை உதறியது. ஸ்ரீப்ரியாவைப் பார்த்து யாரோ ஒரு லில்லியைக் கூப்பிட்டார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை நாற்பத்தெட்டு. வார்டு பொறுப்பில் இருந்த ரெம்யா சிஸ்டர் ஓடி வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். பத்து நிமிடத்தில் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, சோறு ஆறிப்போயிருக்குமே, பரவாயில்லை, கொண்டு வாருங்கள் என்றார். ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றரைக்குப் பங்கஜாக்ஷியை அழைத்துப் போக ஸ்ட்ரெச்சர் வந்தது. அவர் தூக்கம் கலைந்து ஓர் ஏப்பம் விட்டார். மீன் வாசனையில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது.

ரெம்யா சிஸ்டர் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. ரத்னாபாய்க்குச் சோறு கொடுக்க வேண்டாம் என்று யார் சொன்னது என்று ஸ்ரீப்ரியாவிடம் கேட்டார். ஆர்ஷா சொன்னது வேறு, தான் சரியாகக் கேட்கவில்லை, தன் தப்புதான் என்றாள் ஸ்ரீப்ரியா. சிஸ்டர் ஆர்ஷா பக்கம் திரும்பினார். கட்டில் நம்பரும் பெயரும் சொன்னாயா?

ஆர்ஷா தலையை ஆட்டினாள்.

தலைக்குத் திக்கல் கிடையாது. அது பாட்டுக்குச் சுலபமாக மேலும் கீழும் போய்வந்துவிட்டது. போன பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் சிஸ்டர் பேசிக்கொண்டிருந்தார். ஸ்ரீப்ரியா நாளைக் காலைக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும், அது பிரின்சிபாலுக்குப் போகும், வீட்டிலிருந்து அப்பாவைக் கூட்டி வர வேண்டும், லீவில் இந்தப் போஸ்டிங்கை முழுசாகத் திரும்பச் செய்ய வேண்டும். ஸ்ரீப்ரியா எல்லாவற்றுக்கும் சரி சிஸ்டர் என்றாள். மூக்கு நுனி சிவந்திருந்தது.

நாலு மணிக்கு டியூட்டி முடியும் முன் ஆர்ஷா நாலாம் கட்டிலுக்குப் பிரஷர் பார்க்கப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம், அவள் கட்டில் இல்லை அது. கால் தானாகப் போயிற்று. ரத்னாபாய் தட்டைக் காலி செய்துவிட்டுத் தெம்பாக இருந்தார். டாக்டர் தனக்கு உபவாசம் போட்டிருக்கிறார் போலிருக்கிறது, வயிற்றுக்கும் ஓய்வு, ஆத்துமாவுக்கும் நல்லது என்று நினைத்து ஜெபம் பண்ணிக்கொண்டே கிடந்தாராம். அதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஒல்லிப் பிள்ளைய ஏசாண்டாம்ணு சிஸ்டருக்கிட்ட சொல்லு மக்ளே. தட்ட எடுக்கம்ப அவளுக்க மொகத்தப் பாத்தேன். என்ன விட அவளுக்காக்கும் சங்கடம்."

ஆர்ஷா பிரஷர் கருவியின் பட்டையை அவிழ்த்தாள். எவ்வளவு இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. திரும்பவும் கட்டிப் பார்த்தாள்.

ஸ்ரீப்ரியா தினமும் நடந்துதான் வீட்டுக்குப் போவாள். அன்றைக்கு ஆர்ஷாவும் கூடவே நடந்தாள். மழை விட்டிருந்தது. சாலையோரத்தில் தண்ணீர் கட்டிக் கிடந்தது. ஆட்டோக்கள் தெறித்துவிட்டுப் போயின. வாயாடி ஸ்ரீப்ரியா ஒன்றும் பேசாமல் வந்தாள். வலியசாலைத் தெரு முனைவரை பொறுத்துப் பார்த்துவிட்டு ஆர்ஷாதான் கேட்டாள்.

"நான் நம்பர் சொல்லல்ல. அது ஒனக்குத் தெரியும். எதுக்கு சிஸ்டருக்க முன்ன சொல்லாம நிண்ணே?"

"சொன்னா, ஏன் சொல்லலைன்னு உன்னைக் கேப்பா" என்றாள் ஸ்ரீப்ரியா. "நீ அங்க நின்னுண்டு அதுக்குப் பதில் சொல்லணும்."

"அதுக்கென்ன?"

ஸ்ரீப்ரியா அவளைப் பார்க்காமல் குடையின் பட்டனை அமுக்கி அமுக்கி விட்டாள். "எனக்குத் தெரியும்டீ. ஃபர்ஸ்ட் இயர்லயே தெரியும். க்ளாஸ்ல எல்லாருக்கும் தெரியுமாக்கும்."

ஆர்ஷாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. எது தெரியும் என்று கேட்கிற அளவுக்கு அவள் முட்டாள் இல்லை. இரண்டு வருடம். எத்தனை சொல்லை மாற்றியிருப்பாள், எத்தனை முறை விரலைச் சொடுக்கியிருப்பாள். கண்ணைப் பொத்திக்கொண்டு தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிற சின்னப் பிள்ளை மாதிரி அவள் நின்றிருக்கிறாள், நாற்பது பேர் சுற்றி நின்று, பாவம் என்று பார்க்காத மாதிரி இருந்திருக்கிறார்கள். வெட்கம் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது.

"அப்போ எந்த ஜன்னல்ணு எதுக்கு கேக்கல்ல? திருப்பிச் சொல்லணும்ணு ஒனக்குத் தெரியாதா?"

"கேக்கணும்னுதான் வாய் வரைக்கும் வந்தது. கேட்டா நீ நம்பர் சொல்லணும். ஆதிரா எல்லாம் நிக்கறா. உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டேன். எப்பவும் அப்படித்தான் விடுவேன். உன்கிட்ட நாங்க யாரும் ரெண்டாவது தரம் கேக்கறதில்லை, நீ கவனிச்சதில்லையா?"

கவனித்ததில்லை. இப்போது கவனித்தாள். வகுப்பில் மற்றவர்கள் ஒரு நாளைக்கு நூறு முறை என்னது, என்னது என்று கேட்டுக்கொள்கிறார்கள். அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. அரைகுறையாகக் கேட்டதை எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாகப் போய்விடுகிறார்கள். வீட்டில் அப்பா முடித்துவைக்கிறார், இங்கே இவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். ஆக மொத்தம் அவள் சொல்ல வந்தது என்ன என்று இதுவரை ஒருவருக்கும் தேவைப்படவில்லை. அவள் வெட்கப்பட்டு நம்பரை விழுங்கினாள், சிநேகிதி இரக்கப்பட்டுக் கேள்வியை விழுங்கினாள், நடுவில் சோறு இல்லாமல் போனது ரத்னாபாய்க்கு. இதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். ஸ்ரீப்ரியாவும் அழுதாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்று இருவருமே சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்கள்.

நாளைக்கு நான் சிஸ்டரிடம் சொல்லுகிறேன் என்றாள் ஆர்ஷா. வேண்டாம், லீவில் ஒரு மாதம்தானே, செய்துவிட்டுப் போகிறேன் என்றாள் ஸ்ரீப்ரியா. ஆர்ஷா பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.

ஹாஸ்டலுக்குப் போய் ஒரு தாளில் எழுதினாள். கட்டில் எண்ணும் பெயரும் நான் சொல்லவில்லை, சொன்னதாகத் தலையாட்டியது பொய், தவறு என்னுடையது. நாலு வரி, நல்ல கையெழுத்து. கொடுத்துவிட்டு நின்றால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. அந்த நிம்மதியில் தூங்கினாள்.

காலை ஏழே முக்காலுக்கு ரெம்யா சிஸ்டர் அதைப் படித்தார். இரண்டு தரம் படித்தார். ஸ்ரீப்ரியாவும் தன் விளக்கத்தோடு கதவோரம் நின்றாள். சிஸ்டர் தாளை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதில் என்ன செய்தாய் என்று இருக்கிறது மோளே. ஏன் செய்தாய் என்று இல்லையே?" என்று மலையாளத்தில் கேட்டார்.

நியாயமான கேள்வி. மறந்துவிட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்துவிடும். அது சுலபமாக வரக்கூடிய சொல்தான். கவனக்குறைவான பெண் என்று பெயர் வரும், அதோடு போகும். கவனக்குறைவு யாருக்கும் வரலாம், அதில் கேவலம் இல்லை. அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது. இரண்டு வருடமாக இப்படித்தான் ஏதாவது ஒன்று வந்து நிற்கும், அவளும் எடுத்துக் கொடுத்துவிடுவாள். அதை எடுக்கக்கூடாது என்று அவள் முடிவு செய்ததற்குத் தைரியம் காரணமில்லை. அலுத்துப்போயிருந்தது, அதுதான் காரணம்.

மலையாளத்தில் திக்குவாய்க்கு விக்கு என்பார்கள். "எனக்கு" என்று தொடங்கினாள். அடுத்த சொல்லில் பூட்டிக்கொண்டது. 'வ'வில் வழக்கமாக இவ்வளவு மோசம் இல்லை. சுவர்க்கடிகாரம் கேட்டது. வெளியே யாரோ டிராலி தள்ளினார்கள். கண் மூடிக்கொள்ளப் பார்த்தது, திறந்தே வைத்திருந்தாள். "விக்கு உண்டு சிஸ்டர்" என்று கடைசியில் வந்தது. கதவோரம் ஸ்ரீப்ரியா மூச்சு விட்டது கேட்டது.

சிஸ்டர் முகத்தில் அந்தப் பரிதாபம் வந்தது. அதை ஆர்ஷா ஆயிரம் முகத்தில் பார்த்திருக்கிறாள். அந்தக் கட்டில் நம்பரைச் சொல்ல வரவில்லை என்று அவள் தொடர்ந்தாள். நம்பரைச் சொல்ல உதடு ஒட்டியது. சிஸ்டர் உடனே உதவிக்கு வந்தார். "பதிமூன்றுதானே? தெரியும், தெரியும். விடு."

ஆர்ஷா கையை உயர்த்தினாள். போக்குவரத்துப் போலீஸ் மாதிரி, உள்ளங்கை சிஸ்டரைப் பார்க்க. வார்டு பொறுப்பாளரிடம் ஒரு மாணவி அப்படிச் செய்வதை யாரும் பார்த்ததில்லை. உதடு ஒட்டியபடியே இருந்தது, கையும் உயர்ந்தபடியே இருந்தது. இருபது விநாடி போயிருக்கும். "பதிமூன்று" என்றாள். அதோடு நிற்காமல் "பங்கஜாக்ஷி" என்றும் சொன்னாள். அதற்கு இன்னும் அதிக நேரம் ஆயிற்று. சிஸ்டர் காத்திருந்தார். வேறு என்ன செய்வார், கை இன்னும் இறங்கவில்லையே.

பிறகு சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். அடுத்துக் கேட்டதில் பரிதாபம் இல்லை. ஒரு நோயாளிக்கு மூச்சு நின்றுபோனால் என்ன செய்வாய், ஆளைக் கூப்பிட நீ அரை நிமிடம் எடுத்துக்கொண்டால் அந்த அரை நிமிடம் யாருடையது என்று கேட்டார். குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்போது பெல்லை அமுக்குவேன், பெல்லுக்கு வாய் வேண்டாம் என்று ஆர்ஷா தடக்கித் தடக்கிச் சொன்னாள். பிறகு அவள் சொன்னது அவளுக்கே புதிதாக இருந்தது.

"மத்த நேரம் நான் சொன்னா லேட்டாகும் சிஸ்டர். தப்பாகாது. நேத்து வேகமாச் சொன்னதுதான் தப்பாயிப்போச்சு."

பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டாள். சிஸ்டருக்குப் புரிந்தது. திருவனந்தபுரத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவருக்கு அந்த அளவு தமிழ் புரியாமலா போகும்.

இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வாரம் கூடுதல் போஸ்டிங் என்றார். ஆர்ஷாவுக்குப் பெயரைச் சொல்லாததற்கும் பொய்த் தலையாட்டலுக்கும், ஸ்ரீப்ரியாவுக்குத் திருப்பிக் கேட்காததற்கும். அப்பாக்கள் வர வேண்டாம். ஸ்ரீப்ரியாவின் விளக்கத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி வர இருவரையும் வெளியே அனுப்பினார். கதவு வரை போன ஆர்ஷாவைக் கூப்பிட்டு, இன்றைக்குப் பத்து முதல் பதினெட்டு வரை ஷிஃப்ட் ரிப்போர்ட் யார் கொடுப்பது என்று கேட்டார். வழக்கமாக அந்த வரிசைக்கு ஆதிராதான் வாசிப்பாள். ஆர்ஷா அவளுக்குப் பதிலாக வேறு வேலை ஏதாவது செய்துகொடுப்பாள். அப்படி ஓர் ஏற்பாடு.

"நான்" என்றாள் ஆர்ஷா.

நாலு மணிக்கு எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஆர்ஷா கையில் தாள் இருந்தது, கேட்டு ரிப்போர்ட் நோட்டில் எழுதுகிற முறை ஸ்ரீப்ரியாவுக்கு. ஆரம்பிக்கும் முன் அவள் ஒன்று சொன்னாள். தனக்கு விக்கு உண்டு, நேரம் ஆகும், யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம். இதைச் சொல்லவே கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆயிற்று. ஆதிரா தன் செருப்பைப் பார்த்தாள். இன்னொருத்தி ஃபேனைப் பார்த்தாள். சொல்லி முடித்த பிறகு வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆர்ஷாவுக்குள் ஏதோ ஒன்றுக்கு அன்றைக்கு லீவு கிடைத்திருந்தது. சொல்லைத் தேட வேண்டாம். வருகிற சொல்தான் சொல். அது வருகிறபோது வரட்டும்.

பத்தாம் கட்டில் முக்கித் திணறி ஒருவழியாகப் போயிற்று. பதினொன்றில் காய்ச்சல், பனி என்றே சொன்னாள், நாலு முறை தட்டித் திறந்தது. பன்னிரண்டு டிஸ்சார்ஜ். மற்றவர்கள் நாலு நிமிடத்தில் முடிக்கிற ரிப்போர்ட் ஏற்கனவே ஆறு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவர்களில் ஒருத்தி கால் மாற்றி நின்றாள்.

அடுத்த கட்டில். பங்கஜாக்ஷிக்கு நேற்றுத் தள்ளிப்போன எண்டோஸ்கோப்பி நாளைக் காலை ஒன்பது மணிக்கு, இரவு பத்துக்குப் பிறகு தண்ணீர்கூடக் கூடாது. ஆர்ஷா தாளிலிருந்து கண்ணை எடுத்து நிமிர்ந்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. எதிரே ஸ்ரீப்ரியாவின் உதடும் அவளை அறியாமல் 'ப'வுக்கு ஒட்டுவதை ஆர்ஷா பார்த்தாள். ஒட்டியது, பிறகு ஸ்ரீப்ரியா நினைவு வந்து அதை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். ஆர்ஷாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கண் மூடியது, திறந்தது. சொல் துண்டு துண்டாக வந்தது. நம்பர் வந்தது, பெயர் வந்தது, ஒன்பது மணி வந்தது, பத்துக்குப் பிறகு ஒன்றும் கூடாது என்பதும் வந்தது. நெற்றியில் வியர்த்திருந்தது. முடிந்தது என்று அவள் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள்.

"இரு" என்றாள் ஸ்ரீப்ரியா. நோட்டில் பேனா நின்றிருந்தது. சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஆதிரா கண்ணைக் காட்டினாள், விடேன் என்கிற மாதிரி. ஸ்ரீப்ரியாவின் மூக்கு நுனி மறுபடி சிவந்துவிட்டது, குரலும் சரியாக எழும்பவில்லை. மலையாளமும் மறந்துபோய் வீட்டுத் தமிழிலேயே கேட்டாள்.

"பேர் கேட்டுண்டேன். நம்பர் சரியாக் கேக்கலை. இன்னொரு தரம் சொல்லு."

ஆர்ஷாவுக்கு ஒரு கணம் அவளைக் கொன்றுபோடலாம் போலிருந்தது. மறு கணம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, இருபது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததாக அவளுக்கு நினைவில்லை. ஒருத்திக்கு அவள் சொன்னது சரியாகக் கேட்கவில்லையாம். அதனால் காரியம் நிற்கிறதாம். அவள்தான் சொல்ல வேண்டுமாம்.

தாளைக் கீழே வைத்துவிட்டு அவள் ஸ்ரீப்ரியாவின் முகத்தைப் பார்த்து மறுபடியும் அந்த நம்பரை ஆரம்பித்தாள். இந்த முறை முன்னைவிட அதிக நேரம் ஆயிற்று.